மேஜை நாள்

மார்ச் 3

சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

உன் அண்ணனின் மூத்த பெண் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம் தேறிவிட்டாள். வகுப்பில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளாம், அதனால் நம்மவள்தான் முதல் என்று நான் வைத்துக்கொண்டேன். அடுத்தவன் நீளம் தாண்டுவதில் ஆறு மீட்டர் தாண்டியிருக்கிறான். பத்து வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தக் கோட்டைத் தொடவில்லையாம். வாத்தியார் இரண்டு தடவை டேப்பை வைத்து அளந்து பார்த்தாராம், நம்ப முடியாமல். கடைக்குட்டி வாயாடிக்கு ஏழு வயது முடிந்தது. எனக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறாள். தெரியாத வார்த்தை வந்தால் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறாள். அமைச்சர்களும் அப்படித்தானே பேசுகிறார்கள் என்கிறான் உன் அண்ணன்.

போனில் பேசினால் உன் குரல் என் காதுக்கு வருவதில்லை, என் குரல் மட்டும் தெரு முழுக்கப் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும்.

உனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உன் பக்கம் விசேஷம் ஏதாவது உண்டா? வெல்டர் மாப்பிள்ளை நல்லவர், வாயைத் திறந்து கேட்க மாட்டார். நான் கேட்பேன். எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது. மூன்று பேரக்குழந்தைகளை எண்ணியும் விரல் பாக்கி இருக்கிறது.

உன் அம்மா


மார்ச் 14

அம்மா,

மூன்று பேருக்கும் என் வாழ்த்தைச் சொல்.

நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். விசேஷம் இல்லை. விசேஷத்துக்கு முன்னால் வர வேண்டியதே வரவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. பதினோரு வருடமாக நான் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன். இருபத்தேழு வயதில் கிரேனில் ஏறியபோது ஆரம்பித்தது, கல்யாணத்துக்கு எத்தனையோ முன்னால். குழந்தை வேண்டாம் என்று இல்லை. எண்பது மீட்டர் உயரம், ஏணியில் ஏற இருபது நிமிடம். ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறக்கம். மேலே கழிப்பறை கிடையாது. மாதாமாதம் எனக்கு எப்படிக் கொட்டும் என்று உனக்குத் தெரியும். முதல் ஆறு மாதத்தில் எட்டு நாள் விடுப்பு எடுத்தேன். "பொம்பளைக்கு இது சரிப்படாது"ன்னு சொல்ல ஃபோர்மேன் காத்துக்கொண்டிருந்தார். மாத்திரை வந்த பிறகு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

டிசம்பரில் நிறுத்தினேன். மூன்று மாதம் ஆயிற்று, ஒரு சொட்டு இல்லை. சோதித்துப் பார்த்தேன், கர்ப்பமும் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று கழுத்தில் வெந்நீர் ஊற்றியது போலச் சூடு ஏறுகிறது. கேபின் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொள்கிறேன். கீழே இருப்பவர்கள் நான் எதையோ எட்டிப் பார்க்கிறேன் என்று நினைத்து அவர்களும் பார்க்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க அம்மாவுக்கு எந்த வயசுல நின்னுச்சு?" நாற்பத்தொன்பது என்று தயங்காமல் சொன்னேன். எப்படி இவ்வளவு நிச்சயம் என்றார். நம் மேஜை நாளைப் பற்றிச் சொன்னேன். அம்மா வேலை பார்த்த துண்டு ஆலையில் எல்லாப் பெண்களும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே மடிக்க வேண்டும், அந்த நாள் வந்தவர்களுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை, எனக்குப் பதினைந்து வயதாகும் வரை மாதம் ஒரு நாள் அம்மா விரலில் பசையோடு வீட்டுக்கு வருவாள் என்று. டாக்டரம்மா சிரித்தார். "அப்படின்னா அவசரமில்ல. சில பேருக்கு மாத்திரையை விட்டா திரும்பி வரக் கொஞ்ச நாள் ஆகும். இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்றார்.

பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. உன் கடிதத்தை அண்ணன் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஆரம்பிக்காதே. அவர்கள் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. உறையைப் பிரிக்கும்போதே பரீட்சையில் நான் மட்டும் தோற்ற மாதிரி இருக்கிறது.

சின்னவள்


மார்ச் 27

சின்னவளே,

நீ கேட்டபடி பட்டியல் போடவில்லை.

பதினோரு வருடமா? ஒரு மாதம் இரண்டு மாதம் என்றால் சரி. பதினோரு வருடம் மாத்திரையைத் தின்று வயிற்றைக் காயப்போட்டுவிட்டு இப்போது வரவில்லை என்றால் எப்படி வரும்? வேலை வேலை என்று மேலேயே உட்கார்ந்திருந்தாய். கீழே வயது ஓடியது உனக்குத் தெரியவில்லை. அந்த ஃபோர்மேனிடம் நல்ல பெயர் வாங்கி என்ன ஆயிற்று? அவன் பெண்ணுக்கு இரண்டு குழந்தை இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரியும் இதையேதான் சொல்கிறாள். அவள் தங்கையும் மாத்திரை சாப்பிட்டவள்தானாம். உன் பெயரைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன்.

அந்த டாக்டரம்மா எதற்கு என் வயதைக் கேட்கிறார்? மாத்திரை சாப்பிட்டது நீ. என்னைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


ஏப்ரல் 6

அம்மா,

தையல்காரியிடம் பொதுவாகக் கேட்டாயா? உனக்கு இரண்டு பெண்கள் இருந்தால் அது பொதுவாக இருக்கும். நான் ஒருத்திதானே?

மாத்திரை யார் வயிற்றையும் காயப்போடாது. டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன், கையேட்டிலும் படித்தேன். நிறுத்தினால் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்கு ஆகவில்லை. ஏன் என்று தெரியாமல்தான் தவிக்கிறேன். அந்த நேரத்தில் "அதுக்குத்தான் அன்னைக்கே" என்று தொடங்க ஒருவர் வேண்டியிருந்தால் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன், ஃபோர்மேனிடமே சொல்லியிருப்பேன்.

மேலே உட்கார்ந்திருந்தாய் என்கிறாய். ஆமாம், உட்கார்ந்திருந்தேன். நான் இறக்கி வைத்த இரும்பில் இந்த ஊரில் பதினான்கு கட்டடம் நிற்கிறது. அதில் ஒன்று பிரசவ ஆஸ்பத்திரி.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். மற்றதை எழுது.


ஏப்ரல் 29

என் கண்ணே,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். கடைசியில் கிழித்ததை உன் அண்ணி பொறுக்கி ஒட்டிப் பார்ப்பாளோ என்று பயந்து அடுப்பில் போட்டேன்.

எழுத வேண்டாம் என்று நீ சொன்ன விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். எழுதாமல் இருந்தால் தப்பு பெரிதாகிவிடும்.

எனக்கு நின்றது நாற்பத்தொன்பதில் இல்லை. நாற்பத்தொன்றில்.

நிச்சயமாகச் சொல்கிறேன். உன்னை இரண்டாம் வகுப்பில் சேர்த்த வருடம் அது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எட்டு வருடம் நான் மேஜை நாள் எடுத்தது பொய்.

ஏன் என்று கேட்பாய். மடிக்கிற கூடத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். நாற்பத்தாறு வயதில் அவளாகவே மேஸ்திரியம்மாவிடம் போய், "எனக்கு இனிமே மேஜை வேணாம், நின்னுபோச்சு" என்று நியாயமாகச் சொல்லிவிட்டாள். மறுநாளே அவளைக் கட்டுப் போடுகிற பக்கம் மாற்றினார்கள். எங்கள் எல்லோருக்கும் அவள் 'பெரியம்மா' ஆகிவிட்டாள். "பெரியம்மா, உங்களுக்கென்ன, கவலை விட்டுச்சு" என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். அவளுக்கு அப்புறம் ஒரு நாள்கூட உட்காரக் கிடைக்கவில்லை.

அதைப் பார்த்தவள் நான். எனக்கு அவளைவிட ஐந்து வயது முன்னாலேயே நின்றது. எப்படிச் சொல்வேன்? மாதம் பிறந்தால் மேஸ்திரியம்மா "என்னம்மா, இன்னைக்கு மேஜையா?" என்பார். "ஆமாங்க" என்பேன். வயிற்றைக்கூடப் பிடித்துக்கொள்வேன். உன் அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்பத்தொன்பதில், இனி யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நின்றுவிட்டது என்று சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இவ்வளவு வருடம் அது ஒரு சின்னப் பொய், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றே இருந்தேன். நீ டாக்டரம்மாவிடம் என் விரல் பசையைச் சாட்சி சொன்னாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். அந்தப் பதற்றத்தில்தான் மாத்திரை மேல் பழி போட்டு உனக்கு அப்படி எழுதினேன். பழி உன் மேலும் இல்லை, மாத்திரை மேலும் இல்லை, என் மேல் வந்துவிடுமோ என்ற பயம்.

நேற்று பெரிய பேத்தியிடம், பெயர் சொல்லாமல், நிஜமாகவே பெயர் சொல்லாமல், "ஒரு அம்மாவுக்குச் சீக்கிரம் நின்னா மகளுக்கும் அப்படி ஆகுமா?" என்று கேட்டேன். "ஆகணும்னு இல்ல பாட்டி. ஆனா ஆகலாம். டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும்" என்றாள்.

மூன்று மாதம் காத்திருக்காதே. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கே போ. வேண்டுமானால் அவரிடமே காட்டு. கிழவி பொய்க்காரி என்று நினைக்கட்டும்.

அம்மா


மே 14

அம்மா,

உன் கடிதத்தை ஏணிக்குக் கீழே நின்று படித்தேன். பிறகு ஏறினேன். மேலே போய் உட்கார்ந்து இருபது நிமிடம் ஒரு சுமையும் தூக்கவில்லை. ரேடியோவில் கீழே இருந்து, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார்கள். காற்றின் வேகம் பார்க்கிறேன் என்றேன். அவ்வளவு கோபம். உன் மேல் கோபம், இரண்டு மாதம் போனதே என்று கோபம், எட்டு வருடம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேனே என்று கோபம்.

சாயங்காலம் வெல்டரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார். "நூறு நாள் இருக்குமா?" என்றார். என்ன நூறு என்றேன். "எட்டு வருஷம், மாசம் ஒண்ணு. உங்க அம்மா கிட்டத்தட்ட நூறு நாள் ஆலைக்காரன உக்காந்து ஏமாத்தியிருக்காங்க. எனக்கு அஞ்சு நிமிஷம் டீக்கு உக்காரத் தைரியம் இல்ல." நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். கடிதத்தைக் காட்டவில்லை, வயதை மட்டும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். "நல்லவேளை, அம்மா சொன்னாங்க" என்றார். அன்றே ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனும் பார்த்தார்கள்.

முடிவு இதுதான். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகளெல்லாம் உள்ளே இருக்கும், வயதாக ஆகக் குறையும். எனக்கு முப்பத்தெட்டு. ஆனால் மிச்சம் இருப்பது நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இருப்பது போல. தீர்ந்துவிடவில்லை. அந்தச் சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். தீரவில்லை, ஆனால் காத்திருக்க நேரம் இல்லை.

மாத்திரையையும் கேட்டேன், உனக்காக. மாத்திரை, நிற்கும் நாளை முன்னால் தள்ளாது, பின்னாலும் இழுக்காது. பதினோரு வருட முட்டை மிச்சமாகியிருக்குமே என்று வெல்டர் கேட்டார், அதுவும் இல்லையாம். மாத்திரை செய்வது ஒன்றே ஒன்று: மறைக்கும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் மாதாமாதம் எனக்கு வந்தது நிஜமானதே இல்லை. நடுவில் சில நாள் மாத்திரையை விடுவதால் வருகிற வெறும் கசிவு. உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. அதாவது, நானும் பதினோரு வருடம் தேதி தவறாமல் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

நாற்பத்தொன்று என்று எழுத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வயதைக் கேட்டால் ரேஷன் அட்டைக்காரரிடமே சண்டை போட்டவள் நீ.

சின்னவள்


மே 26

சின்னவளே,

நீ திட்டாமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் நானே தண்டனை தேடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றி மட்டும். "எனக்கு நாப்பத்தொண்ணுலயே நின்னுபோச்சு. இத்தனை நாள் பொய் சொன்னேன்." உன் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். உன் அண்ணி, "அத்தை, சாப்பிடும்போதா இது?" என்றாள். வாயாடி, "என்ன பாட்டி நின்னுபோச்சு?" என்றாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். பெரிய பேத்திதான், "பொண்ணுங்களுக்கு மாசாமாசம் ரத்தம் வரும். பாட்டிக்கு அது சீக்கிரம் நின்னுபோச்சு. உனக்கும் பெரியவளானா வரும், அப்ப சொல்லித்தரேன்" என்றாள். "சரி, அப்பளம் கொடு" என்றது அது. அவ்வளவுதான். முப்பத்தொரு வருடமாக நான் மூடி வைத்தது அப்பளத்தோடு முடிந்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு பேத்தி என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய், எந்த மாதம், உடம்பு எப்படி இருந்தது, என் அம்மாவுக்கு எப்போது என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். தனக்கும் பிற்காலத்தில் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்குமாம். என் பேத்தி என்னைப் பார்த்து எழுதுகிறாள்! ஐந்தாம் வகுப்புக்காரி சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள்.

அதோடு விடவில்லை. பழைய மேஸ்திரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இடுப்பு வளைந்துவிட்டது, வாய் வளையவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எங்களுக்குத் தெரியாதா?" என்றார். எப்படி என்றேன். "மத்தவளுகளுக்கெல்லாம் நாலு நாள் முன்னப்பின்ன வரும். உனக்கு மட்டும் எட்டு வருஷமா மாசத்தோட முதல் திங்கள்கிழமை வந்துச்சு. எவளுக்குடி அப்படிக் காலண்டர் பாத்து வரும்?"

அப்புறம் ஏன் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை என்றேன். "பிடிச்சு? நான் என்ன நின்னுக்கிட்டா வேலை பாத்தேன்? எனக்கு நாற்காலி இருந்துச்சு. உனக்கு ஒரு நாள் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

பார், உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரி என்று இருந்தேன்.

நீ அவசரம் என்று எழுதினாயே, என்ன செய்யப் போகிறாய்? சொல்ல விரும்பினால் சொல். நான் கேட்க மாட்டேன். கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறேன், கை மட்டும் எழுதிவிட்டது.

அம்மா


ஜூன் 20

அம்மா,

வந்துவிட்டது.

நேற்று காலை பதினொரு மணி, ஏழாவது மாடிக்குக் கம்பிக்கட்டு போய்க்கொண்டிருந்தபோது. மாத்திரை கொடுத்தது இல்லை, என்னுடையதே. முப்பத்தெட்டு வயதில் இதற்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கட்டைச் சரியாக இறக்கி வைத்த பிறகுதான் அழுதேன்.

சின்னவள்


ஜூலை 24

அம்மா,

நீ கேட்காமல் இருந்தாய். ஐந்து வாரம். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அதற்காகவே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

சோதனைக்குழாய்க் குழந்தைக்கான சிகிச்சைதான். முட்டைகள் வளர, பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி. நானே போட்டுக்கொண்டேன். காலை ஷிஃப்ட் என்பதால் வேலைத்தளத்தில் சாமான் வைக்கும் கொள்கலன் அறையில், தலைக்கவசம் மாட்டும் ஆணிகளுக்குக் கீழே. மற்றவர்கள் எதிரே வந்தால் வெல்டர் வாசலில் நின்று, "உள்ள பெயின்ட் காயுது" என்பார். முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் காயாத பெயின்ட் ஏது? யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஃபோர்மேன் மட்டும் ஒரு நாள் ஒரு குளிர்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "மருந்து சூடாகக் கூடாதுன்னு என் பொண்ணு சொன்னா" என்றார். அவள் இரண்டு குழந்தைக்கும் இப்படித்தானாம்.

சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை கிடைக்கும். எனக்கு நான்கு. கருவானது இரண்டு. ஒன்றை நேற்று உள்ளே வைத்தார்கள், ஒன்றை உறைய வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா வேலைக்குப் போகலாம் என்றார். ஆனால் எண்பது மீட்டர் ஏணியில் ஏற எனக்கே மனம் வரவில்லை. இரண்டு வாரம் கீழே நின்று கை சைகை காட்டுகிறேன். மேலே வேறொருவன் ஓட்டுகிறான். நன்றாகத்தான் ஓட்டுகிறான். பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டேன். "மூணுல ஒண்ணுகூட இல்ல. ஆனா ஒண்ணுமில்லாம இல்ல" என்றார். அவர் மழுப்பாமல் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு வாரத்தில் தெரியும்.

சின்னவள்


ஆகஸ்ட் 9

அம்மா,

நிற்கவில்லை.

மற்றொன்றை அக்டோபரில் வைப்பார்கள். அதற்குப் பிறகு இல்லை என்று நானும் வெல்டரும் பேசி முடிவு செய்துவிட்டோம். நாளை கிரேனில் ஏறுகிறேன்.

அம்மா, இதை எழுத வேறு யாரும் எனக்கு இல்லை. அதனால் எழுதினேன்.


ஆகஸ்ட் 21

என் கண்ணே,

உன் கடிதம் சின்னது. அதைத் திருப்பித் திருப்பிப் பத்துத் தடவை படித்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. கடவுள் வழி காட்டுவார், எல்லாம் நன்மைக்கே என்று எழுதினால் தாளைக் கசக்கி எறிவாய் என்றும் தெரியும். அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஏப்ரல் மாதக் கடிதத்தில்கூட எழுதக் கை வரவில்லை.

நாற்பத்தொன்றில் எனக்கு வராமல் போனபோது நின்றுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. குழந்தை என்று நினைத்தேன். உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ. மூன்று மாதம் அப்படியே நினைத்திருந்தேன். வாயில் எச்சில் ஊறுவது போலவும் இருந்தது, வயிறு கனப்பது போலவும் இருந்தது. மனசு நினைத்தால் உடம்பும் நடிக்கும். வீடு சிறிது, சம்பளம் சிறிது, உன் அப்பா என்ன சொல்வாரோ என்று பயம். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோஷம். மீதியான துண்டுத் துணியில் நான்கு சின்னத் துண்டுகள் ஓரம் அடித்து வைத்தேன். பிறகு ஆலை டிஸ்பென்சரியில் நர்ஸ் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, உனக்கு நின்னுபோச்சு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அன்று போய் மேஜை கேட்டேன். அதுதான் முதல் பொய். கால் வலிக்காக இல்லை சின்னவளே, பெரியம்மா என்று கூப்பிடுவார்கள் என்பதற்காகவும் இல்லை. அதெல்லாம் அடுத்த மாதத்திலிருந்து. அன்று என்னால் நிற்க முடியவில்லை. அவ்வளவுதான். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து லேபிள் ஒட்டினேன். எல்லாம் கோணல். மேஸ்திரியம்மா திரும்ப ஒட்டச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். "அம்மா, கை ஒட்டுது" என்றாய். ஒட்டட்டும் என்றேன்.

ஒரு சொல் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் இல்லை. உன் அப்பா இருந்தார், கூடத்தில் முப்பது பெண்கள் இருந்தார்கள். சொல்லத் தைரியம் இல்லை. நீ மறுநாளே பேனாவை எடுத்து 'நிற்கவில்லை' என்று உன் அம்மாவுக்கு எழுதினாய். அதற்கு மறுநாள் எண்பது மீட்டர் ஏறினாய். நான் படித்தவள் இல்லை, ஆனால் எது பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்து நீ எப்படி இப்படி ஆனாய் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நேற்று தையல்காரி வந்தாள். "சின்னவளுக்கு இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்றாள். "நிறைய இருக்கே" என்றேன். "எட்டு டன் இரும்பை ஒரு பூவை வைக்கிற மாதிரி கொண்டுவந்து வைக்கிறா. பதினாலு கட்டடம். நீ போன மாசம் தைச்ச ஜாக்கெட்டே எனக்குக் கை ஏறல." காது கேட்காததால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

அக்டோபர் வரட்டும். நின்றால் சொல், நிற்காவிட்டாலும் சொல், சொல்ல மனம் இல்லை என்றால் வெறும் உறையை அனுப்பு, நான் புரிந்துகொள்கிறேன். வேறு எதையும் இனி உன்னிடம் கேட்க மாட்டேன்.

இல்லை, ஒன்று கேட்கிறேன். என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பேரப்பிள்ளைகள் கோப்பையும் மெடலுமாக நிற்கும் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் நடுவில் உனக்கு இருப்பது பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம். இரட்டைச் சடை, ஒரு கண் மூடியிருக்கிறது. அதில் உன் வேலை தெரியவில்லை. வெல்டர் மாப்பிள்ளையை ஒரு நாள் ஏணியில் ஏறி வரச் சொல். பயந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறட்டும், மேலே வந்து திறந்தால் போதும். தலைக்கவசத்தோடு, கை அந்த நெம்புகோல் மேல் இருக்க, பின்னால் ஊர் சின்னதாகத் தெரிய, உன்னை ஒரு படம் எடுக்கச் சொல். சிரிக்க வேண்டாம், வேலை செய்யும்போது உன் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். போனில் அனுப்பினால் எனக்குத் திறக்கத் தெரியாது. கடையில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.

உன் அம்மா